வடுகபட்டிப் பூண்டும் வடித்தெடுக்கும் முறையும்

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியின் பூண்டுச் சந்தையை அறியாத பலசரக்கு வியாபாரி தென்னாட்டில் அரியர். பூம்பாறை, மன்னவனூர் முதலிய மேல்மலைக் கிராமங்களின் விளைச்சல் இங்கே வந்துதான் விலை போகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் காக்கப்பட்டது, சத்தைக் காப்பது யார் என்பதே நமது கேள்வி.

உடையாத பூண்டில் அல்லிசின் என்னும் பொருள் இல்லை. பல்லை நசுக்கியதும், அதிலுள்ள அல்லிஇன் ஒரு நொதியால் மாறி அல்லிசின் பிறக்கிறது. 1944இல் காவலிட்டோ, பெய்லி என்னும் அமெரிக்க இரசாயனிகள் இதைப் பிரித்தெடுத்துக் கிருமிகளை ஒடுக்கும் அதன் ஆற்றலைக் காட்டினர். ஆயின் இது வெப்பம் பொறாதது. நீராவியில் வடித்தால் எண்ணெய் கிட்டும், அல்லிசின் சிதைந்துவிடும். பெட்ரோலியத்திலிருந்து பெறும் ஹெக்ஸேனைக் கொண்டு சத்தெடுக்கலாம் என்பர். அதன் ஆவியை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளியின் நரம்புகள் கெடும்; தீப்பற்றும் அபாயமும் உண்டு.

இவற்றுக்கு மாற்று உண்டு. கரியமில வாயுவை 31 பாகைக்கு மேலான வெப்பத்திலும், காற்றழுத்தத்தைப் போல் 73 மடங்குக்கு மேலான அழுத்தத்திலும் வைத்தால், அது திரவம்போல் சத்தைக் கரைக்கிறது. அழுத்தத்தைத் தளர்த்தியதும் வாயு பிரிகிறது, நஞ்சு எச்சமில்லை, அதே வாயுவை மீண்டும் பயன்படுத்தலாம்.

யந்திரத்தின் விலை குடியானவனுக்கு எட்டாது என்பர் சிலர். மெய்தான். ஆதலால் முதற்படியாக, குளிர்ந்த நீரும் கரும்பிலிருந்து கிடைக்கும் சாராயமும் கொண்டு சத்தெடுக்கும் எளிய முறையைக் கூட்டுறவுச் சங்கங்கள் கைக்கொள்ளலாம். சாராயத்தைக் கையாள மதுவிலக்குச் சட்டப்படி லைசென்சு வேண்டும். சர்க்கார் அதைச் சங்கங்களுக்குத் தாமதமின்றி வழங்குதல் முறை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது. சந்தையில் விலை குறையும் பொடிப் பூண்டையும் உதிர்ந்த பற்களையும் கொண்டு அங்கே பரீட்சை நடத்தலாகாதா?

பருத்தியைக் கொடுத்துத் துணியை வாங்கிய காலத்தை நம் தேசம் மறக்கவில்லை. பூண்டை மூட்டையாய் விற்று, அதன் சத்தைக் குப்பியில் அதிக விலைக்கு வாங்குவதும் அதே நஷ்டமன்றோ? பொதுப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் இதனைச் சங்கக் கூட்டங்களில் தீர்மானமாக்கி, சட்டசபை அங்கத்தினரிடம் சேர்ப்பிப்பார்களென நம்புகிறோம்.