விறகுக்கு ஏற்ற ரம்பம்

பழனியை அடுத்த ஆயக்குடி கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர். கொய்யாவோடு மாவும் தென்னையும், வரப்போரங்களில் புளியும் வேம்பும் நிற்கும் அவ்வட்டாரத்தில், காய்ப்பு ஓய்ந்த மரங்களும் கவாத்தில் கழித்த கிளைகளும் காற்றில் சாய்ந்தவையும் ஆண்டு முழுதும் விறகாகிக்கொண்டே இருக்கின்றன. சமையலறைக்கு எரிவாயு வந்த பின்னும் வெந்நீர் காய்ச்சவும் விசேஷ நாட்களில் பெரிய பாத்திரம் ஏற்றவும் கொல்லைப்புறத்து விறகடுப்பு பல வீடுகளில் நீடிப்பதால், இந்த மரத்தைத் துண்டு போடும் வேலையும் நீடிக்கிறது. கோடாலியும் இருவர் இழுக்கும் ரம்பமும் செய்துவந்த அவ்வேலைக்கு, பேச்சுவழக்கில் 'பவர் ரம்பம்' என்றும் 'மரம் அறுக்கிற மிஷின்' என்றும் வழங்கும் சங்கிலி ரம்பத்தை வாங்க நினைக்கும் குடும்பம், கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கடைக்குப் போனவரை முதலில் மயக்குவது 'சிசி' என்ற எண்ணாகும். எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் ஒருமுறை கடக்கும் இடத்தின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் சொல்வதே சிசி. அது கூடினால் ஆற்றல் கூடும் என்பது பொதுவாக உண்மைதான் என்றாலும், எடையும் எரிபொருள் செலவும் கை நடுக்கமும் கூடவே ஏறும் என்பதை அட்டைப்பெட்டி சொல்வதில்லை. 58 சிசி எஞ்சினும் 22 அங்குல பாரும் கொண்ட ரம்பங்கள் மலிவாகக் கிடைப்பதால், ஒரு சாண் தடிமனைத் தாண்டாத கொய்யாக் கிளைக்கும் அதையே வாங்கிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. 'பார்' என்பது சங்கிலி சுற்றியோடும் நீண்ட இரும்புத் தகடு. அதன் நீளம் அறுக்க வேண்டிய மரத்தின் குறுக்களவைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். அரிதாக வரும் பெருத்த அடிமரத்தை இருபுறமிருந்தும் அறுத்து முடித்துவிடலாம். ஆகவே 14 முதல் 16 அங்குல பாரும் 32 முதல் 45 சிசி வரையிலான எஞ்சினும் வீட்டு விறகின் பெரும்பகுதிக்குப் போதுமானவை. வைரம் பாய்ந்த புளிய மரத்தையும் முற்றிய சீமைக்கருவேலத்தின் அடித்தூரையும் அடிக்கடி அறுப்பவருக்கு மட்டுமே 50 சிசியும் 18 அங்குலமும் நியாயமான தேர்வாகும். பெரிய ரம்பம் பார், சங்கிலி, எரிபொருள் எல்லாம் சேர்ந்து 6 கிலோவைத் தாண்டிவிடும். அரை மணி நேரம் குனிந்து அறுத்த முதுகு அந்த எடையை நன்றாகவே அறியும்.

இக்கருவி கைக்கு அடங்கும் அளவுக்குச் சிறுத்ததே நெடிய கதை. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்திலும் 1929இல் பெட்ரோலிலும் ஓடும் ரம்பங்களைச் செய்தபோது, அவற்றைத் தூக்கி இயக்க இருவர் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ், வெட்டிய மரத்தை ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகக் குடைந்து செல்வதை 1946இல் கூர்ந்து கவனித்து, அதன் தாடைகளைப் போலவே மாறி மாறி அமைந்த வளைந்த பற்களைக் கொண்ட சங்கிலியை உருவாக்கினார். மரத்தைச் சுரண்டித் தூளாக்கிய பழைய பல்லுக்கு மாறாக, இப்புதிய பல் இழைப்புளியைப் போல மரத்தைச் சீவி எடுத்தது. இன்றைய சங்கிலிகளும் பெரும்பாலும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன. அறுப்பது எஞ்சின் அன்று, பல் என்பதை வாங்குபவர் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

கூரான பல் விரல் நகம் போன்ற சீவல்களைத் தள்ளும். மழுங்கிய பல் மாவு போன்ற தூளைத் தள்ளும். தூள் விழத் தொடங்கியதும் வேலையை நிறுத்தி அரம் போட வேண்டும் என்பதைப் பலர் அறியாமல், ரம்பத்தை மரத்தின் மேல் அழுத்தி ஓட்டுகிறார்கள். அதனால் பார் சூடேறித் தேய்கிறது, கிளட்ச் கருகுகிறது, முடிவில் மிஷின் சரியில்லை என்ற பழி எஞ்சினுக்குப் போய்ச் சேர்கிறது. சிறு ரம்பங்களில் மிகுதியாகக் காணப்படும் எட்டில் மூன்று அங்குலத் தாழ்வகைச் சங்கிலிக்கு 4 மி.மீ. உருண்டை அரம் பொருந்தும். அதைப் பல்லின் வெட்டுமுனையில் 30 பாகைச் சாய்வில் உள்ளிருந்து வெளிநோக்கி இரண்டு மூன்று முறை தள்ளினாலே கூர் திரும்பிவிடும். ஒவ்வொரு பல்லின் முன்னாலும் நிற்கும் சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை வரையறுப்பது. பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் தாழ்த்தி, பல்லின் உச்சியைவிட ஏறத்தாழ 0.65 மி.மீ. கீழே இருக்குமாறு வைக்க வேண்டும். வேரோடு ஒட்டிய மண்ணில் ஒரு நொடி உரசினால் போதும், புதுச் சங்கிலியும் மழுங்கிவிடும். எனவே தரையில் கிடக்கும் தடியை அறுக்குமுன் அடியில் கட்டை கொடுத்துத் தூக்கிக்கொள்வது நலம். மாற்றுச் சங்கிலியும் பாரும் பழனியிலோ திண்டுக்கல்லிலோ கிடைக்குமா, பழுதுபார்க்கும் ஆள் அருகில் உண்டா என்ற இரண்டு கேள்விகளும் சிசியைவிட முக்கியமானவை.

பெட்ரோல் ரம்பங்களில் இருப்பது பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். தனி எண்ணெய்த் தேக்கம் இல்லாத இவ்வகை எஞ்சினுக்கு உயவு, பெட்ரோலில் கலந்த எண்ணெயிலிருந்தே கிடைக்கிறது. உற்பத்தியாளர் ஐம்பதுக்கு ஒன்று என்று குறித்திருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி., இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மி.லி. எண்ணெய் சேர்க்க வேண்டும். எண்ணெய் கலக்காத பெட்ரோல் சில நிமிடங்களிலேயே பிஸ்டனைப் பிடிக்கச் செய்துவிடும். இப்போது பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதாலும், எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதாலும், கலவையைத் தேவைக்கு மட்டும் தயாரித்து, ரம்பத்தை எடுத்து வைக்குமுன் தொட்டியைக் காலி செய்வது கார்புரேட்டரைக் காக்கும். சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை அதற்குப் பயன்படுத்தினால், அதிலுள்ள உலோகத் துகள் பாரைத் தேய்ப்பதோடு, அழுக்கெண்ணெய் மரத்தடி மண்ணிலும் தெறிக்கிறது.

வீட்டுக் கொல்லைக்குள் மட்டுமே வேலை என்றால் மின்சார ரம்பம் மலிவானது, பராமரிப்பு குறைந்தது. 2,000 வாட் ரம்பம் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுப்பதால், மெல்லிய ஒயரில் ஓட்டாமல் 2.5 சதுர மி.மீ. கேபிளும் 15 ஆம்பியர் பிளக்கும் தேவை. பேட்டரி ரம்பம் கவாத்துக் கிளைகளுக்கு இதமானது, விலைதான் இடிக்கிறது.

ஆயக்குடியில் நன்றாக ஓடிய பெட்ரோல் ரம்பம், மேலே கொடைக்கானலுக்குக் கொண்டுபோனதும் புகைந்து திணறுவதுண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவ்வூரில் காற்றின் அடர்த்தி அடிவாரத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்து பெட்ரோல் மிகுவதால் எரிதல் கெடுகிறது, கார்புரேட்டர் திருகைச் சரிசெய்தால் ஓட்டம் சீராகும் என்றாலும் இழந்த ஆற்றல் முழுதும் திரும்பாது. மலைமேல் வாட்டிலும் யூகலிப்டஸும் அறுப்பவர் சற்றே பெரிய எஞ்சினை நாடுவதற்கு இது தக்க காரணமாகும்.

2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தையும் கடந்தபோது கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் சாய்ந்தன. அவ்வாறு சாய்ந்து வளைந்து கிடக்கும் மரம் இழுத்துக் கட்டிய வில்லைப் போன்றது. அறுத்த கணமே துள்ளி ஆளை அடிக்கும் என்பதால், பழகாதவர் அதில் கை வைக்கவே கூடாது. பாரின் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் ரம்பமே பின்னோக்கி முகத்தை நோக்கி எகிறும்; 'கிக்பேக்' எனப்படும் இவ்விபத்தின்போது சங்கிலியை நொடிக்குள் நிறுத்தும் பிரேக் இல்லாத ரம்பத்தை எவ்வளவு மலிவானாலும் வாங்கலாகாது. லுங்கியும் செருப்புமாக ரம்பத்தைத் தூக்கும் வழக்கம் உடனே கைவிடப்பட வேண்டியது. தோல் பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றின் விலையையும் ரம்பத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கருவி சொந்தம் என்பதால் மரமும் சொந்தமாகிவிடாது. பட்டா நிலத்துச் சந்தன மரமும் வனத்துறை வழியாகவே வெட்டப்பட வேண்டும். கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் தனியார் நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். பழனி மலைக்காடுகளின் பெரும்பரப்பு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. காட்டை அழிக்கும் வேகத்தை இக்கருவி கூட்டியதாலேயே இலங்கையில் 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதன் இறக்குமதியைத் தடை செய்வதாக அறிவித்தார்.

வாங்கும் காலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பச்சை மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும். மாசி, பங்குனியில் அறுத்துப் பிளந்து, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் அடுக்கிய விறகு, கோடை முழுதும் காய்ந்து ஐப்பசி மழைக்கு முன் புகையாமல் எரியும் பதத்துக்கு வந்துவிடுகிறது. எனவே பொங்கல் கழிந்ததும், கொல்லையில் கிடக்கும் மரங்களில் தடித்த நாலைந்தின் குறுக்களவை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு, அந்தச் சீட்டோடு கடைக்குப் போவது பொருத்தமாக இருக்கும்.