தோற்ற குழுவைத் தேற்றும் பயிற்றுநர்

ஐக்கிய அமெரிக்காவில் உள்ள இந்தியானாப் பல்கலைக் கழகம் கல்வியிலும் கூடைப்பந்திலும் பெயர் பெற்றது. காற்பந்திலோ அதன் பெயர் தோல்விக்கே எடுத்துக்காட்டாக வழங்கி வந்தது. 2023-ஆம் ஆண்டில் அது ஆடிய 12 ஆட்டங்களில் வென்றவை மூன்றே. அவ்வாண்டின் இறுதியில் கர்ட் சிக்னெட்டி என்னும் 62 வயதுப் பயிற்றுநர் பொறுப்பேற்றார். 2024-இல் அதே பல்கலைக் கழகம் 13 ஆட்டங்களில் 11-ஐ வென்றது. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் 16 ஆட்டங்களையும் வென்று, 2026 ஜனவரியில் தேசிய வாகை சூடியது.

பல்கலைக் கழகம் அதுவே, திடலும் அதுவே. தலைமை மட்டும் மாறியவுடன் இத்துணை விரைவில் இத்துணை மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? இவ்வினா விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. நலிந்த பள்ளி, நலிந்த சங்கம், நலிந்த நிறுவனம் யாவற்றிலும், "புதிய தலைவர் வந்தால் எல்லாம் சீராகிவிடும்" என்ற நம்பிக்கை எழுவதுண்டு. அந்நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பதை அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஆட்டத்தின் தன்மை

அமெரிக்கக் காற்பந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆடப்படும் காற்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையால் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்குவோர் ஓர் அணி, தடுப்போர் மற்றோர் அணி. சில வினாடிகளுக்கு ஒருமுறை ஆட்டம் நின்று, பின் தொடங்கும். ஒவ்வொரு முறையும் எந்தத் திட்டத்தைக் கையாள்வது என்பதைப் பெரும்பாலும் பயிற்றுநர்களே முடிவு செய்கின்றனர். ஆகவே தொடர்ந்து ஓடும் ஆட்டங்களைவிட இதில் பயிற்றுநரின் கை ஓங்கி நிற்கிறது.

மேலும், கல்லூரி ஆட்டக்காரர் மாணவர். நான்கைந்து ஆண்டுகளில் வெளியேறிவிடுவர். அவர்களைத் தேடிப் பிடித்து உபகாரச் சம்பளம் அளித்துச் சேர்ப்பதும் பயிற்றுநரின் வேலையே. கற்பிப்பவரும் அவரே, யாருக்குக் கற்பிப்பது என்று தெரிந்தெடுப்பவரும் அவரே.

முன்பு மெதுவாக, இன்று விரைவாக

முற்காலத்தில் இத்தெரிவு பலன் தரப் பல ஆண்டுகள் சென்றன. உயர்நிலைப் பள்ளியில் இருந்து வரும் இளைஞர் உடலும் அறிவும் முதிர்வதற்கு மூன்றாண்டு வேண்டும். பெரிய பல்கலைக் கழகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும்.

1989-இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக் கழகத்தின் பொறுப்பை ஏற்ற பில் ஸ்னைடரின் கதை இதற்குச் சான்று. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் அக்குழு ஓர் ஆட்டத்திலேனும் வென்றதில்லை. ஸ்னைடரின் முதலாண்டில் கிடைத்தது ஒரே வெற்றி, 1990-இல் ஐந்து, 1991-இல் ஏழு, 1998-இல் பதினொன்று. ஈராண்டுக் கல்லூரிகளில் படித்து முதிர்ந்த ஆட்டக்காரரைச் சேர்த்தார். தொடக்கத்தில் எளிய எதிரிகளோடு ஆட ஏற்பாடு செய்தார். ஒழுக்கம், ஒற்றுமை, நாள்தோறும் முன்னேறுதல் முதலிய 16 குறிக்கோள்களை மாணவர் மனத்தில் பதிய வைத்தார். இவ்வளவு செய்தும் உயர்நிலையை எட்ட ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று.

2021-இல் விதி மாறியது. மாணவர் ஒருமுறை இடம் மாறினால் காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. 2024-இல் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் புகழையும் கொண்டு பணம் ஈட்டவும், 2025 முதல் பல்கலைக் கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கவும் வழி பிறந்தது. பத்தாண்டில் வளர்த்த பயிரை இன்று ஒரே பருவத்தில் நட்டு அறுக்கலாம். இன்றைய விரைவுக்கு முதற் காரணம் இதுவே.

பழகிய கைகள்

ஆனால் இவ்விதி எல்லாக் குழுக்களுக்கும் பொது. எல்லாரும் ஏன் வெல்லவில்லை? இங்கேதான் பயிற்றுநரின் திறம் வெளிப்படுகிறது.

சிக்னெட்டி 2011-இல் புகழ்பெற்ற அலபாமாவில் துணைப் பயிற்றுநர் பதவியை விட்டு, பென்சில்வேனியாவின் ஒரு சிறிய பல்கலைக் கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுநராகச் சென்றார். பின்னர் ஈலான், ஜேம்ஸ் மேடிசன் ஆகிய இடங்களில் பணியாற்றினார். ஈலான் 2016-இல் இரண்டே ஆட்டங்களை வென்றிருந்தது. அவர் வந்த முதலாண்டிலேயே எட்டு. இந்தியானாவுக்கு வருமுன் 13 ஆண்டுகளில் ஒருமுறையும் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்ததில்லை. இளைஞரை எவ்வாறு கவர்வீர் என்று வினவியபோது, தாம் வெல்பவர் என்றும், வேண்டுமானால் கூகுளில் தேடிப் பார்க்கலாம் என்றும் அவர் விடையளித்தார்.

அவர் தனியே வரவில்லை. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் பொறுப்பான துணைப் பயிற்றுநர்களையும், ஜேம்ஸ் மேடிசன் ஆட்டக்காரர் 13 பேரையும் உடன் அழைத்து வந்தார். புதிய வகுப்பில் பாதிப்பேர் பாடத்தை முன்பே அறிந்திருந்தால் ஆசிரியரின் வேலை எவ்வளவு எளிதாகும்! அறியாதவர்க்கு அறிந்தவரே துணையாசிரியர் ஆகின்றனர். மேலும், "நாளை சிறப்பார்" என்று கருதப்படும் இளைஞரைவிட, வேறிடத்தில் ஏற்கெனவே செய்து காட்டியவரையே அவர் விரும்பித் தேர்ந்தார்.

கடுமை மட்டும் போதுமா?

கடும் பயிற்சியே மருந்து என்று எண்ணுவோர் 1954-ஐ நினைவு கூர வேண்டும். டெக்சஸ் ஏ அண்டு எம் கல்லூரியில் பேர் பிரையண்ட் பொறுப்பேற்று, ஜங்க்ஷன் என்னும் சிற்றூரில் கொளுத்தும் வெயிலில் பயிற்சி முகாம் நடத்தினார். தாங்க மாட்டாமல் பெரும்பாலோர் ஓடிப் போயினர். அவ்வாண்டு அக்குழு பத்தில் ஒன்பது ஆட்டங்களில் தோற்றது. அவருடைய நீண்ட வாழ்வில் தோல்வி மிகுந்த ஆண்டு அது ஒன்றே. 1956-இல் அதே கல்லூரி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை என்பதும் உண்மையே. ஆனால் அதற்குள் புதிய மாணவரும் வந்து சேர்ந்திருந்தனர்.

புகழில் ஒரு பகுதி கழிக்கத்தக்கது

மிகக் கீழே வீழ்ந்த குழு, தானாகவும் சற்று மேலே ஏறும். காயமும் கெட்ட காலமும் ஆண்டுதோறும் தொடர்வதில்லை. சில புள்ளிகளில் நழுவிய ஆட்டங்கள் மறு ஆண்டு கைகூடலாம். பழைய பயிற்றுநரை நீக்குவதோ மோசமான ஆண்டின் முடிவில். ஆகவே இயல்பான ஏற்றமும் புதியவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பயிற்றுநரை மாற்றிய நலிந்த குழுக்களையும், மாற்றாத அவை போன்ற குழுக்களையும் ஒப்பிட்டது. இரு சாராரிடையே பெரிய வேறுபாடு இல்லை. நடுத்தரக் குழுக்களோ மாற்றத்தால் பின்னடைந்தன என்று அது கண்டது.

விரைவு நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2022-இல் ஒரே வெற்றி பெற்ற கொலராடோவுக்கு டியோன் சாண்டர்ஸ் வந்து, ஐம்பதுக்கு மேற்பட்ட புதியவரைச் சேர்த்தார். 2023-இல் நான்கு வெற்றி, 2024-இல் ஒன்பது. சிறந்த ஆட்டக்காரர் தொழில்முறைக் குழுக்களுக்குச் சென்றபின், 2025-இல் மூன்றாகக் குறைந்தது.

ஆகவே விரைந்து வெல்லும் பயிற்றுநரிடம் மந்திரம் ஏதுமில்லை. பல இடங்களில் சோதித்துத் தேர்ந்த முறை, அம்முறை அறிந்த துணைவர், திறமையை எடைபோடும் கண், இவற்றுக்கு இடந்தரும் விதி ஆகியவை ஒருங்கே கூடும்போது வெற்றி விரைகிறது. இவற்றுள் ஒன்றையும் கொடாமல், ஆளை மட்டும் மாற்றி ஆண்டுதோறும் அற்புதத்தை எதிர்பார்க்கும் நிர்வாகம், பயிற்றுநரை மட்டுமன்றி மாணவரையும் வீணடிக்கிறது. மூன்று ஆட்டங்களை வென்றபோதும் பதினாறை வென்றபோதும் இந்தியானாவின் திடல் ஒன்றே. ஆனால் 2011 முதல் சிறிய கல்லூரிகளில் செய்த ஆயத்தமே, பார்ப்பவர்க்கு ஓராண்டு அதிசயமாகத் தோன்றியது.