கூட இருக்கும் ஜெபம்

கோவை அவிநாசி சாலையின் பெரிய மருத்துவமனைகளுக்கு ஈரோடு, திருப்பூர், கரூர், நீலகிரி, பாலக்காடு என்று எல்லாத் திசையிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் சிலரின் பிள்ளைகளிடம் ஒரு நாள் மருத்துவர், "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். அப்பாவையோ அம்மாவையோ அப்படிக் கூட்டிக்கொண்டு திரும்பும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அன்றிலிருந்து ஜெபமே பெருந்துணை. ஆனால் எதைக் கேட்டு ஜெபிப்பது? பிழைக்க வேண்டும் என்பதை மட்டும் கேட்ட ஜெபம், பிழைக்காதபோது பிள்ளைகளைக் குற்ற உணர்வில் தள்ளிவிட்டுப் போகிறது. சாகும்வரை கடவுள் கூட இருக்க வேண்டும், நாமும் கூட இருக்கத் தெம்பு வேண்டும் என்று கேட்கும் ஜெபம் அப்படிக் கைவிடுவதில்லை. கடைசி நோயில் கிறிஸ்தவ விசுவாசம் தரும் ஆறுதல் இந்த இரண்டாவது ஜெபத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வேதாகமமும் திருச்சபை வரலாறும் மருத்துவ ஆய்வுகளும் அதற்கே துணை நிற்கின்றன.

கொங்கு நாட்டுக் கிறிஸ்தவ சமூகம் சிறியது, ஆனால் பழையது. கருமத்தம்பட்டியில் 17-ம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கர் இருந்தார்கள். லண்டன் மிஷன் 1830-ல் கோவைக்கு வந்தது. கோவை கத்தோலிக்க மறைமாவட்டம் 1886-லும், தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலம் 1950-லும் உருவாயின. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் 6 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறார்கள். பெரும்பாலான கொங்கு மாவட்டங்களில் அந்த அளவுகூட இல்லை. ஆகவே இங்கே ஒரு கிறிஸ்தவர் படுத்த படுக்கையானால், பார்க்க வருகிறவர்களில் வேறு சமயத்தவரும் நிறையப் பேர் இருப்பார்கள். பங்காளிகள், மாமன் மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரர். "இத்தனை ஜெபம் பண்றீங்களே, உங்க சாமி ஏனுங்க கண்ணைத் தொறக்கல?" என்று அவர்களில் ஒருவர் வெள்ளந்தியாகக் கேட்டுவிடக்கூடும். அப்பா பிழைக்க வேண்டுமே என்ற தவிப்போடு, கடவுளின் பெயரையும் காப்பாற்ற வேண்டுமே என்ற பதற்றமும் அந்தக் குடும்பத்தின் தலையில் ஏறுகிறது. சுகமளிக்கும் கூட்டங்களில் குணமானவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்கிறார்கள். இறந்துபோனவரின் பிள்ளைகளை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. ஒரு பக்கச் சாட்சியை மட்டுமே கேட்டு வளர்ந்த சபைக்கு, சாவு வீட்டு வாசலில் என்ன பேசுவதென்று தெரிவதில்லை.

ஜெபம் நோயாளியைக் குணமாக்குகிறதா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. தமக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபிப்பது உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்கு அறுவைக்குப்பின் சிக்கல்கள் வந்தன. ஜெபிக்கப்பட்டும் அது நிச்சயமாகத் தெரியாதவர்களில் 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம். கடவுளைச் சோதனைக்கூடத்தில் நிறுத்த முடியாது என்று விசுவாசி இதற்குப் பதில் சொல்லலாம். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நியாயப்படி, இப்படி ஜெபித்தால் இந்தப் பலன் கிடைக்கும் என்று உத்தரவாதம் தரவும் யாருக்கும் உரிமை கிடையாது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துபவை வேறு சில ஆய்வுகள். கென்னத் பார்கமென்ட் குழுவினர் 55 வயதைத் தாண்டிய 596 நோயாளிகளைச் சுமார் 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடவுள் தம்மைக் கைவிட்டார், தம்மை அவர் நேசிக்கவில்லை, இந்த நோய் பிசாசின் வேலை என்றெல்லாம் எண்ணி மனம் நொந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பாஸ்டன் ஆய்வாளர்கள் முற்றிய புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வந்தது. மதநம்பிக்கையை மிகுதியாகப் பற்றியிருந்தவர்கள் கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் போன்ற கடும் சிகிச்சைகளுக்கு உள்ளானது, மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு. 2013-ல் வந்த தொடர் ஆய்வில், சபையின் ஆதரவு நிறைய இருந்தவர்களே ஐசியூவில் இறப்பதும் அதிகமாக இருந்தது. ஆனால் அதே நோயாளிகளிடம் மருத்துவமனைக் குழுவும் அவர்களுடைய ஆன்மிகத் தேவையைப் பற்றிப் பேசியிருந்தால் நிலைமை மாறியது. வலி தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையைத் தேர்ந்தவர்கள் கூடினார்கள். இவை அமெரிக்க நோயாளிகளைப் பற்றியவை, காரணத்தை முற்றாக நிரூபிப்பவையும் அல்ல. ஆனாலும் "விசுவாசத்தை விட்டுடாதீங்க, அற்புதம் நடக்கும்" என்று போதகரும், "வேறு வழியில்லை" என்று மருத்துவரும் தனித்தனியே பேச, நடுவில் பிள்ளைகள் தவிக்கும் நம் ஊர் நிலையை அறிந்தவர்களுக்கு இந்த முடிவுகள் அந்நியமாகத் தோன்றாது.

இப்படிச் சொல்வது நம்பிக்கையைக் குலைப்பதாகாதா என்று ஒருவர் கேட்கலாம். சுகம் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கெத்செமனேயில் இயேசுவே, துன்பப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். அது நீங்கவில்லை. பவுல் தம் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார். அதுவும் போகவில்லை. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எந்தப் பிரசங்கியாருக்கும் நா எழாது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டுமில்லை என்று இயேசு மறுத்துவிட்டார். நோயாளியின் கட்டிலருகே நின்று, "வீட்டில் ஏதாவது மறைவான பாவம் உண்டா?" என்று இன்றும் கேட்கிறவர்கள் அந்தச் சீடர்களின் கேள்வியைத்தான் திரும்பக் கேட்கிறார்கள். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்களே ஏராளம். 88-ம் சங்கீதம் ஒரு விடியலும் காட்டாமல் இருளிலேயே முடிகிறது. அழுவதற்கும் கடவுளிடம் முறையிடுவதற்கும் வேதமே இத்தனை இடம் ஒதுக்கியிருக்கும்போது, சாகக் கிடக்கும் தாயின் முன்னால் சிரித்த முகத்தோடு துதிபாட வேண்டும் என்று மகளை வற்புறுத்துவது கொடுமை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு மண்ணில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றே. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள்.

நோயாளியோடு கூட இருப்பதே முக்கியம் என்பது திருச்சபைக்கும் ஒரே நாளில் விளங்கிவிடவில்லை. அவஸ்தைப்பூசுதல் என்று பெயர் பெற்ற எண்ணெய்ப் பூசுதலுக்குச் சாமியார் வீட்டுப் படியேறினாலே கதை முடிந்தது என்று கத்தோலிக்கக் குடும்பங்கள் நடுங்கிய காலம் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் அந்தப் போக்கை மாற்றியது. 1972-ல் புதிய முறை வந்தது. இப்போது நோயிற்பூசுதலை மூச்சு அடங்கும் நேரம்வரை காத்திராமல், கடும்நோய் கண்டதுமே பெறலாம். வலியைத் தாங்குவதே புண்ணியம், மார்ஃபின் கேட்பது விசுவாசக் குறைவு என்று எண்ணுகிறவர்களுக்கும் பதில் உண்டு. ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்று தெரிந்தாலும், வலி தணிக்க அத்தகைய மருந்து தரலாம் என்று 1957-லேயே போப் பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடம் கூறினார். அதே ஆண்டின் இன்னோர் உரையில், அசாதாரணமான சிகிச்சைகளால் உயிரைப் பிடித்துவைக்கும் கடமை இல்லை என்றும் சொன்னார்.

நவீன ஆதரவுச் சிகிச்சையின் தாயே ஒரு விசுவாசிதான். லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் 1945-ல் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்தவர். 1948-ல் புற்றுநோயால் இறந்த டேவிட் தாஸ்மா என்ற போலந்து யூதர் விட்டுச்சென்ற 500 பவுண்டைக் கருவாக வைத்து, 1967-ல் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். சாகிறவரின் வலியில் உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் கலந்திருக்கின்றன என்று கற்பித்தார். தம் இல்லத்தில் யாரையும் அவர் மதம் மாற்ற முயலவில்லை. மும்பையில் 1986-ல் சாந்தி அவேத்னா இல்லம், கோழிக்கோட்டில் 1993-ல் வலி நிவாரண இயக்கம் என அந்தச் சிந்தனை இந்தியாவுக்கும் வந்தது. வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே ஊர்தோறும் தொண்டர்கள் நோயாளிகளின் வீடு தேடிப் போகிறார்கள். நம் சபைகளுக்கு முன்மாதிரி அத்தனை அருகில் இருக்கிறது.

மோட்சம் என்பதே மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கட்டிய கதை என்று கடவுள் மறுப்பாளர் சொல்வார். உயிர்த்தெழுதலை ஒரு கட்டுரையால் நிரூபித்துவிட முடியாது, முயலவும் மாட்டேன். ஆனால் ஒரு நம்பிக்கை மனிதரை என்ன செய்யவைக்கிறது என்று பார்த்து அதை எடைபோடலாம். சிலுவையில் உயிர் பிரியும் வேளையிலும் இயேசு தம் தாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சீடனிடம் ஒப்படைத்தார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். அந்த விசுவாசத்தில் ஊன்றியவர் படுக்கைப் புண் கழுவவும் இரவில் விழித்திருக்கவும் தயங்க மாட்டார். உண்மையை மறைத்து ஊட்டிய நம்பிக்கையில் இந்தத் தெம்பு வராது. தாம் சாகப்போவது பெற்றவருக்கே தெரியாதபடி வீடே நடிக்கும்போது, அவர் யாரிடமும் விடைபெற முடியாமல் போகிறார்.

கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்னும் சிறு குழுக்களும் சபைகளில் பெண்கள் ஐக்கியமும் ஏற்கெனவே இயங்குகின்றன. பெங்களூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளால் ஒவ்வோர் இரவும் வந்து உட்கார முடியாது. அந்த இடத்தை இவர்களால் நிரப்ப முடியும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவுச் சேவையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அதைப் பெற்றுத் தருவதும் ஊழியமே. வருகிற ஞாயிறு ஆராதனையோ திருப்பலியோ முடிந்ததும் உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ ஒன்று கேளுங்கள்: நம் சபையில் இப்போது கடைசிக் கட்ட நோயோடு இருப்பவர்கள் யார், இந்த வாரம் அவர்கள் வீட்டில் இரவு தங்கப்போவது யார்?