அறுவடைக்குப் பின் வரும் ஒருசந்தி

கிறிஸ்தவர்களின் தவக்காலத்தைத் தொடங்கும் சாம்பல் புதன், பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையில் வரும். ஐரோப்பாவில் அது குளிர்காலக் கடைசி. சேமித்த தானியம் கரைந்திருக்கும் நேரம். காவிரிப் படுகையில், நன்னிலம் பக்கம் நிலைமை நேர்மாறு. சம்பாவும் தாளடியும் அறுத்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், தரிசில் உளுந்து தழைத்திருக்கும் மாசி, பங்குனி அது. ஆண்டிலேயே வீட்டில் அரிசியும் கையில் காசும் தங்குகிற நாட்களில் வயிற்றைக் கட்டச் சொல்கிறது இந்த நோன்பு. இல்லாதபோது உண்ணாமல் இருப்பதில் சோதனை ஏது? இருக்கும்போது கையை மடக்குவதுதான் சோதனையை வெல்வது. அதே மாசியில் மகாசிவராத்திரிக்குக் கண்விழித்துப் பட்டினி கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நெல் யாருடையது என்ற கேள்வி நியாயமானது. கீழ்த்தஞ்சையில் கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பரம்பரையாகப் பசித்த குடும்பங்களிடம் போய், ஒருவேளை மட்டும் வயிறார உண்டு ஒருசந்தி இருங்கள் என்பது கொடுமை. கத்தோலிக்கத் திருச்சபையும் அப்படிக் கேட்கவில்லை. ஒருசந்தி கடமையாவது சாம்பல் புதன், பெரிய வெள்ளி என இரண்டே நாள், 18 முதல் 59 வயது வரை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. செபம், நோன்பு, தர்மம் மூன்றும் சேர்ந்ததே தவக்காலம். கறியையும் மீனையும் விட்டு மிச்சமான காசு வீட்டுப் பெட்டியிலேயே தங்கினால் அது சிக்கனம், நோன்பல்ல. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் ஒதுக்கி இல்லாதவர்க்குக் கொடுக்கும் பழக்கம் தமிழ்க் கிறிஸ்தவர்களிடமும் உண்டு, மற்றவர்களிடமும் உண்டு. நோன்பின் கணக்கு அந்தக் கலயத்தில்தான் தெரியும்.

தவக்காலத்தின் நாற்பது நாளும் குடியை நிறுத்திவிட்டு ஈஸ்டர் அன்றே மதுக்கடை வாசலில் நிற்பவரைக் காட்டி, இதனால் என்ன பயன் என்று கேட்பார்கள். நாற்பது நாள் கூலி முழுதாக வீடு வந்ததே, அது பயன். தன்னால் முடியாது என்று நம்பியிருந்தவருக்கு முடியும் என்று தெரிந்துவிட்டது. அடுத்த முறை அவர் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. பாலைநிலத்தில் இயேசுவும் ஒரே சோதனையோடு தப்பவில்லை. முதலில் அப்பம், பிறகு புகழ், அதிகாரம் என்று மூன்று முறை வந்தது. அப்போதும் சோதித்தவன் தக்க காலம் வரும்வரைதான் விலகிப் போனான் என்கிறது லூக்கா நற்செய்தி. அவருக்கே அப்படியென்றால், வழுக்கி விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. அடுத்த சாம்பல் புதனுக்காக அவரைக் காத்திருக்கச் சொல்லவும் வேண்டாம். குறுவை நாற்று விடும் வைகாசியிலும் அவர் மறுபடி தொடங்கலாம்.