அங்கே மட்டும் ஏன் வேறு விதி?

சிங்கப்பூரில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்குள் முன்பின் தெரியாத இருபது பேர் சனிக்கிழமை காலை நுழைந்து, பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துப் படம் எடுத்து, மாலைக்குள் இன்ஸ்டகிராமில் போட்டுவிட முடியாது. நீதிமன்ற ஆணையின்கீழ் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காட்டும் படமோ விவரமோ வெளிவருவதைச் சிறுவர், இளையர் சட்டம் தடுக்கிறது. அதே இருபது பேர் டீ-சட்டை அச்சடித்துக்கொண்டு கம்போடியாவின் சியம் ரீப்பிலோ தமிழ்நாட்டின் ஏதோ ஒரு சிற்றூரிலோ போய் இறங்கினால், இவை அத்தனையும் ஒரே நாளில் நடந்துவிடுகின்றன. அதற்குத் தொண்டூழியம் என்று பெயரும் கிடைக்கிறது. நம் பிள்ளைகள் விஷயத்தில் நாம் ஒப்புக்கொள்ளாத எதையும் அடுத்தவர் பிள்ளைகள் விஷயத்திலும் செய்யக் கூடாது. வெளிநாட்டு ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் குழுவாகப் போய்வரும் வழக்கத்தை நிறுத்த இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கட்சி.

முதலில், அந்தப் பிள்ளைகள் அனாதைகள்தானா? நமக்குப் பக்கத்திலேயே, படகில் போய்வரும் தூரத்தில் இருக்கும் இந்தோனீசியாவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இல்லங்களில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குத் தாய் அல்லது தந்தை உயிரோடு இருந்தது தெரியவந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருவருமே இருந்தார்கள். பள்ளிச் செலவுக்கு வழியில்லாததுதான் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த முக்கியக் காரணம். கம்போடியாவிலும் இதே கதைதான். அங்கே இல்லங்களில் இருந்தவர்களில் நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். ஆனால் 2005க்கும் 2010க்கும் இடையே இல்லங்களின் எண்ணிக்கை மட்டும் 75 விழுக்காடு கூடியது. அந்த ஐந்தாண்டில் அங்கே பெரும்போர் எதுவும் நடக்கவில்லை. பெருகியவர்கள் சுற்றுலாப் பயணிகள். பார்க்க வருபவர்கள் இருந்தால் காட்டுவதற்குப் பிள்ளைகள் வேண்டும், அவ்வளவுதான். 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தன எதிர்ப்புச் சட்டத்தை விவாதித்தபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைத் திரட்டுவதும் ஆள்கடத்தல்தான் என்ற பேச்சு நாடாளுமன்றத்திலேயே எழுந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு கசப்பான பங்கு உண்டு. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக 2007இல் வந்த ஒரு நாளிதழ்ச் செய்திதான், இந்திய உச்ச நீதிமன்றத்தில் பத்தாண்டு நடந்த ஒரு வழக்குக்கு வித்து. 2017 மே 5ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் வேண்டும், இல்லத்தில் சேர்ப்பது ஒன்றே வழி என்று எண்ணக் கூடாது என்றெல்லாம் அதில் சொல்லப்பட்டது. போகிற எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நல்லவர்கள் நூறு பேருக்குக் கேள்வி கேட்காமல் திறந்து பழகிய கதவு, நூற்றோராவது ஆளுக்கும் அப்படியே திறக்கும்.

“பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், கிளம்பும்போது அழுதார்கள்” என்பது பயண அறிக்கைகளில் தவறாமல் வரும் வரி. அதைத்தான் சாதனையாகக் காட்டுகிறார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் அது. வீட்டில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைக்கும். யார் வந்தாலும் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு, நிலையாக ஒட்டிக்கொள்ள ஆள் வாய்க்கவில்லை என்று பொருள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து நடந்த நீண்டகால ஆய்வில், இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாறியவர்களின் அறிவுத்திறனும் பாசப் பிணைப்பும் இல்லத்தில் இருந்தவர்களைவிட மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் மாறியவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. சிங்கப்பூர் 1956லேயே வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்துக்குப் பின் ஆதரவற்ற சிறுவர்களுக்கு ராமகிருஷ்ண மிஷன் இல்லம் நடத்திய ஊர்தான் இது. அன்றைக்கு அந்தத் தேவை இருந்தது, யாரும் மறுக்கவில்லை. காலம் மாறியபோது நாமும் மாறினோம்.

நம் இளையர் உலகத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்பார்கள். 2000இல் தொடங்கிய ‘யூத் எக்ஸ்பெடிஷன் புராஜெக்ட்’ போன்ற திட்டங்கள் பல ஆயிரம் பேரை அண்டை நாடுகளுக்கு அனுப்பியிருக்கின்றன. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தண்ணீர்த் தொட்டி கட்டட்டும், ஊர்க்காரர்களோடு வயலில் இறங்கட்டும். ஆனால் பதினாறு வயது மாணவரின் மனம் விரிவடைவதற்கு நான்கு வயதுக் குழந்தை பாடப்புத்தகம் ஆக முடியாது. பள்ளிகளுக்குப் போவது இவ்வளவு கெடுதல் இல்லை. பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இருந்தாலும், பத்து நாளில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகும் குழு அந்த ஊர் ஆசிரியரின் பத்து நாள் பாடத்தைத் தின்றுவிடுகிறது. ‘தலை, தோள், முட்டி’ பாட்டை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கற்றுக்கொள்வதுபோல் நடிக்கப் பழகிவிட்ட வகுப்புகளும் இருக்கக்கூடும். அனுபவமுள்ள ஆசிரியர்களை அனுப்பி அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதே பயனுள்ள வழி.

கனமான ஆட்சேபம் இன்னொன்று: நாம் ஒதுங்கினால் இன்றிரவு அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? நியாயமான கேள்வி. அதனால்தான் பணத்தை வெட்டச் சொல்லவில்லை, திசை மாற்றச் சொல்கிறேன். சிராங்கூன் சாலையிலிருந்து ஊருக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி, பிறந்தநாளுக்கும் திதிக்கும் ‘இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு’ என்று போகிறது. இலை போட்டு, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, முகம் தெரியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடச் சொல்லி, வீடியோ வாட்ஸ்அப்பில் வந்துசேரும். கொடுப்பவர் மனத்தில் களங்கம் இல்லை. ஆனால் பாயசம் ஆறுவதற்குள் பாடி முடிக்கக் காத்திருக்கும் பிள்ளையின் நிலையில் நம் பிள்ளையை வைத்துப் பார்ப்போமா? இந்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டம், வறுமையில் இருக்கும் குடும்பம் பிள்ளையைத் தன்னிடமே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு வழி வைத்திருக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 60 வெள்ளி. இருபது பேரின் விமானக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் எத்தனை பிள்ளைகள் அம்மாவிடமே இருந்திருப்பார்கள் என்பது கடினமான கணக்கே அல்ல. ஒன்று மட்டும்: அந்தத் தொகைக்கு வீடியோ வராது.

பிள்ளைகளோடு நேரம் செலவிட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலையில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது. துணைப்பாட வகுப்புகளோடு, தொண்டூழியர்களைக் கொண்டு சிறு பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கும் பணியும் அதற்கு உண்டு. அங்கே எதிர்பார்ப்பது, வாரம் தவறாமல் வந்து அதே பிள்ளையோடு உட்காரும் ஆளை. பாஸ்போர்ட் தேவைப்படாத இந்த வேலைக்கு ஆள் சேர்ப்பதுதான், டிசம்பர் பயணத்துக்கு ஆள் சேர்ப்பதைவிடக் கடினமாக இருக்கிறது.