தூசி உறிஞ்சும் மெஷின்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் நிலக்கரி மின்நிலையத்தின் தூசியும் சாம்பலும் வீடுகளில் வந்து படிவதாக அங்குள்ள மக்கள் முறையிட்டிருக்கிறார்கள். அப்படி நாள்தோறும் தூசி படிகிற வீட்டுக்கும், இளைப்பு நோயாளி உள்ள வீட்டுக்கும் மெஷினைச் சொந்தமாக வாங்குவது நல்லது.

நம் லயங்களில் அப்படியல்ல. பொங்கல், தீபாவளிக்குத்தான் பெரிய சுத்தம். ஆகவே, "மாசத் தவணைதானே" என்று கடையில் சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீங்க. விலை 30,000 ரூபா, ஒரு நாள் வாடகை 1,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் வாடகைதான் விலைக்குச் சமம். வருஷத்துக்கு 2 நாள் எடுத்தால், அதற்கு 10 வருஷம் ஆகும்! நாலு வீடு சேர்ந்து எடுத்தால் செலவு இன்னும் குறையும். மிச்சம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும்.

ஒன்றை மறக்காதீங்க: அடுப்புச் சாம்பலை மெஷினால் உறிஞ்சக் கூடாது. உள்ளே கங்கு இருந்தால் தீப்பிடிக்கும்.