நம் வீட்டு விலாசத்துக்கு வந்த கிராக்கி

போன வாரம் ரயில் டிக்கெட் எடுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு கட்டம் வந்தது. "ஏம்மா, என்னைப் பார்த்தா எந்திரம் மாதிரியா இருக்கு?" என்றார் என் மாமியார். கல்லூரியில் படிக்கும் என் மூத்த பிள்ளைதான் விளக்கினான்.

மனிதர்களைப்போல் வெப்சைட்டுக்குள் நுழையும் தானியங்கி புரோகிராம்களுக்கு 'பாட்' என்று பெயர். நாம் பெயர், வயது என்று தட்டி முடிப்பதற்குள் அது எத்தனையோ படிவங்களை நிரப்பிவிடும். அதைப் பிடிக்கத்தான் அந்தக் கட்டம். டிக் போட்டோமா என்று மட்டும் பார்ப்பதில்லையாம். மவுஸ் எப்படி நகர்ந்தது, எவ்வளவு நேரம் ஆனது, எந்த பிரவுசர் என்றெல்லாம் கவனிக்கிறார்கள். மனுஷக் கை கொஞ்சம் தயங்கும், கோணும். "என் கை நடுக்கத்துக்கும் ஒரு மதிப்பு வந்ததே!" என்றார் மாமியார்.

விலாசத்தையும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. ஒரே எண்ணிலிருந்து ஓயாமல் கதவைத் தட்டினால் சாத்திவிடுவார்கள். இதற்குத் தப்ப பாட்காரர்கள் பிடித்த வழிதான் ப்ராக்ஸி, அதாவது நடுவில் நிற்கும் இன்னொரு கம்ப்யூட்டர். ரேஷன் கடை வரிசையில் ஒரே ஆள் பத்துத் தடவை நின்றால் விரட்டுவார்கள். பத்துப் பேரை வேறு வேறு பையோடு அனுப்பினால்? (அலுவலகங்களில் நல்ல காரியத்துக்கும் ப்ராக்ஸி உண்டு, அது வேறு.) வாடகைக் கம்ப்யூட்டர்களின் எண் என்றால் சீக்கிரம் பிடிபடும். குடும்பம் இருக்கிற வீட்டு எண் என்றால் சந்தேகம் குறைவு. ஆகவே கிராக்கி நம் வீட்டு எண்ணுக்குத்தான்!

இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதி இலாகா '911 எஸ்5' என்ற கும்பலின் வலையை முடக்கியது. இலவச வி.பி.என். புரோகிராம்களோடு ஒட்டிக்கொண்டு கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகளைக் காசுக்கு விட்டிருக்கிறார்கள். மோசடி செய்தவன் எவனோ, விலாசம் மட்டும் ஏதுமறியாத குடும்பத்துடையது.

அன்று சாயங்காலமே எங்கள் கம்ப்யூட்டரைக் குடைந்தோம். சின்னவன் விளையாட்டுக்காக இறக்கிய இலவச வி.பி.என். ஒன்று இருந்தது. நல்லதோ கெட்டதோ, யார் செய்தது என்றே தெரியவில்லை; எடுத்துவிட்டோம். நீங்களும் ஒருதரம் பாருங்கள். 'உங்கள் இணைப்பைப் பகிரலாமா?' என்று பொடி எழுத்தில் கேட்டால் சம்மதிக்காதீர்கள். ரௌட்டரோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றினோம். புதிதாக வைத்தது மாமியார்தான். என்னிடம்கூட இன்னும் சொல்லவில்லை!